கரையில் கால் வைக்குமுன்

போன சனிக்கிழமை நயினாதீவு இறங்குதுறையில் ஒரு படகு ஆளை இறக்க முடியாமல் கால் மணித்தியாலம் நின்றது. காற்றும் இல்லை, கடலும் அமைதி. காரணம் எங்கள் வீட்டு மருமகள்.

அக்காவின் மகன் சுதன் வான்கூவரில் இருக்கிறான். போன வருடம் அங்கேயே பதிவுத் திருமணம் செய்துவிட்டு, பிறகுதான் படம் அனுப்பினான். அன்றோடு அக்கா அவனுடன் பேச்சை நிறுத்திவிட்டார். பெண் வேற்றினத்தவள் என்பதல்ல கோபம். "என்னை ஒரு சொல் கேட்டவனோ?" — இதுதான். இப்போது அவன் மனைவியோடு ஊருக்கு வருகிறான் என்றதும், வரமாட்டேன் என்றவரை நான்தான் இறங்குதுறைக்கு இழுத்து வந்தேன். வந்தவர் பத்தடி தள்ளியே நின்றார்.

மருமகள் லேனா சேலிஷ் இனத்தவள். கனடாவின் பசிபிக் கரையில் வெள்ளைக்காரருக்கு வெகுகாலம் முன்பிருந்தே வாழ்கிற மக்கள். அவர்கள் பேசுவது ஒரு மொழி அல்ல, ஒரு மொழிக் குடும்பமே என்று சுதன் எனக்குத் தொலைபேசியில் சொல்லியிருந்தான்.

மற்ற எல்லோரும் இறங்கினார்கள். லேனா படகின் முன்பக்கத்தில் நின்றுகொண்டாள்; அவளுக்குப் பின்னால் சுதன். தலையில் ஒரு பின்னல் தொப்பி. "பனையோலையோ?" என்று கேட்டார் பக்கத்தில் நின்றவர். அவர்கள் ஊரில் 'சீடர்' என்கிற ஊசியிலை மரத்தின் உள்பட்டையை உரித்து, ஊறவைத்து, அவளே பின்னியதாம்.

தலைச்சுற்றாக்கும் என்று நினைத்து, ஓடிப்போய் எலுமிச்சம்பழம் வாங்கி வந்து நீட்டினேன். சிரித்தபடி வாங்கிக்கொண்டாள். இறங்கவில்லை.

"அண்ணை, இறங்கச் சொல்லுங்கோ. அடுத்த சனம் ஏற நிக்குது" என்றார் படகோட்டி.

அப்போதுதான் லேனா அக்காவைப் பார்த்துப் பேசத் தொடங்கினாள். ஆங்கிலம் இல்லை. தொண்டைக்குள்ளிருந்து வரும் ஒலிகள், நடுவே மூச்சைப் பிடித்து விடுவதுபோல...

"அம்மா, தன்ரை பேரையும் தாய் தேப்பன்ரை ஊரையும் சொல்லுறா" என்றான் சுதன். "உங்கடை கரையில இறங்கலாமோ எண்டு கேக்கிறா. வள்ளத்திலை வந்தால், கரைக்குரிய ஆக்கள் சொல்லாமல் அவையள் கால் வைக்கமாட்டினம்."

அந்த மொழியைப் பேசியதற்காக அவளுடைய பாட்டன் பள்ளிக்கூடத்தில் அடி வாங்கியவராம். இவள் வளர்ந்த பிறகு மாலை வகுப்புக்குப் போய்ப் படித்திருக்கிறாள்.

அனுமதி கேட்பது எங்களுக்குத் தெரியாததா? போர்க்காலத்தில் சொந்தத் தீவுக்குள் நுழைய அடையாள அட்டையை நீட்டி நின்றவர்கள்தானே நாங்கள். அது துவக்கு வைத்திருக்கும் படையினரிடம் கேட்பது. வீட்டுக்காரரிடம் கேட்பதை அன்றுதான் பார்த்தேன். கனடாவில் போய் இறங்கிய எங்கள் சனத்தில் எத்தனை பேர் லேனாவின் ஆட்களிடம் கேட்டிருப்பார்கள்? விசா அதிகாரியிடம் கேட்டதோடு சரி.

"இறங்கு பிள்ளை" என்று சொல்ல நான் வாயெடுத்தேன். "மாமா, அவா அம்மாவைத்தான் கேக்கிறா" என்று சுதன் தடுத்தான்.

அக்கா மெல்ல முன்னால் வந்தார்.

"நான் ஏலாது எண்டு சொன்னால்?"

சுதன் ஆங்கிலத்தில் கேட்டான். லேனா யோசிக்காமல் பதில் சொன்னாள்.

"இதே வள்ளத்திலை திரும்பிப் போவாவாம்" என்றான்.

அக்காவின் முகம் இளகியது. மாட்டேன் என்று சொல்லவும் இடம் வைத்து ஒருவர் அவரிடம் கேட்டு எத்தனை காலம் இருக்கும்? நாம் கேட்பதெல்லாம் பெரும்பாலும், முடிவெடுத்த பிறகு அறிவிப்பதுதானே...

அக்கா கையை நீட்டினார். "வா பிள்ளை, இறங்கு. பாத்து... படியில பாசி."

லேனா அந்தக் கையைப் பிடித்து இறங்கினாள். பின்னால் சுதனும் பெட்டியோடு காலைத் தூக்கினான்.

அக்கா கையைக் காட்டித் தடுத்தார். "நீ நில்லு. நீ இன்னும் கேக்கேல்லை."