ஓரகத்திக்குப் போட்டுக்கொடுத்த தேதிக் கணக்கு

எண்பதுகளின் பின்பாதியில், அரியலூரில் நடந்தது இது. நான் பெரம்பலூரில் பிறந்தவள். திருச்சியில் ஹாஸ்டலில் தங்கி பி.எஸ்சி. கணக்கு படித்தேன். ரிசல்ட் வந்த கையோடு கல்யாணம். அரியலூரில் மூத்த மருமகளாகி, இரண்டு பிள்ளைகளும் பிறந்து, படித்த கணக்கெல்லாம் மறந்துகொண்டிருந்த சமயத்தில்தான் கொழுந்தனுக்குக் கல்யாணம் ஆனது.

வந்த பெண்ணும் பி.எஸ்சி. கணக்குதான். என்னைவிட மார்க் குறைவு. அதை எப்படியோ விசாரித்துத் தெரிந்துவைத்திருந்தேன். ஆனால் அவள் அப்பா அவளை டிகிரிக்கு அப்புறம் ஒரு வருடம் கம்ப்யூட்டர் படிப்பில் சேர்த்துவிட்டிருந்தார். பக்கத்தில் ஒரு சிமென்ட் ஆலையில் புதிதாகக் கம்ப்யூட்டர் வைத்தபோது அவளுக்கு வேலை கிடைத்துவிட்டது. என் மாமியாருக்குத் தலைகால் புரியவில்லை. ரேஷன் கடை வரிசையில் நின்றுகொண்டு, "எங்க சின்ன மருமவ கம்ப்யூட்டர்ல வேலை பாக்குறா" என்று முன்னால் நிற்பவரிடமும் சொல்வார், பின்னால் நிற்பவரிடமும் சொல்வார். பையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நான் நிற்பேன்.

காலையில் ஆலை பஸ் தெருமுனையில் ஹாரன் அடிக்கும். அவள் கஞ்சி போட்டுத் தேய்த்த புடவையில் ஓடுவாள். டிபன் பாக்ஸை மூடி நான் கையில் கொடுப்பேன். சிரித்துக்கொண்டுதான் கொடுப்பேன். ஆனால் அவள் பஸ்ஸைத் தவறவிட்ட ஒரு நாள் எனக்கு நன்றாகப் பசி எடுத்துச் சாப்பிட முடிந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆகஸ்ட் மாதத்தில் ஒரு சாயங்காலம், அவள் கம்ப்யூட்டரில் அச்சடித்த, ஓரத்தில் ஓட்டை போட்ட நீளமான காகிதத்தோடு அடுப்படிக்கு வந்தாள். முகம் வாடியிருந்தது.

"அக்கா, ஒரு நாளுக்கும் மறுநாளுக்கும் நடுவுல எழுவது நாளுன்னு வருதுக்கா. காலையிலேருந்து மண்டைய ஒடைச்சுக்கிட்டு இருக்கேன்."

சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் பாறை தகர்க்க வெடிமருந்துப் பெட்டிகள் வாங்கி வைத்திருப்பார்கள். ரொம்ப நாள் ஆன பெட்டியைச் சுரங்கத்துக்கு அனுப்பக்கூடாது. ஒவ்வொரு பெட்டியும் வந்து எத்தனை நாள் ஆகிறது என்று கம்ப்யூட்டர் சொல்ல வேண்டும். அதற்கு அவள் கோபால் என்ற கம்ப்யூட்டர் மொழியில் புரோகிராம் எழுதியிருந்தாள். வருடம், மாதம், நாள் மூன்றையும் சேர்த்து ஒரே எண்ணாக வைத்து, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்திருந்தாள். வருடம் ஒன்றேதான், அதை விட்டுவிட்டுப் பார்த்தால் ஆகஸ்ட் ஒன்றாம் தேதி 801. அதற்கு முந்தைய நாளான ஜூலை முப்பத்தொன்று 731. கழித்தால் எழுபதுதானே வரும்?

எனக்குப் பார்த்தவுடனே விளங்கிவிட்டது. "மாசத்துக்கு நூறு நாளு இருந்தாத்தான் உன் கணக்கு சரியா வரும்" என்றேன். அந்த ஒரு வாக்கியத்தைச் சொன்னபோது எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. தாளித்துக்கொண்டிருந்த கடாயை இறக்கிவைத்துவிட்டு, ஒவ்வொரு மாதமும் பிறப்பதற்கு முன்னால் அந்த வருடத்தில் எத்தனை நாள் கழிந்திருக்கும் என்று எழுதிக்கொடுத்தேன். "தேதியை இதோட கூட்டிக்க. அது வருசத்துல எத்தனையாவது நாளுன்னு வந்துரும். அப்புறமா கழி."

மறுநாள் அவள் இனிப்பு வாங்கிக்கொண்டு வந்தாள். ஆபீசர் எல்லார் முன்னாலும் அவளைப் பாராட்டினாராம். வேலை நிரந்தரமாகிவிடும் என்றாராம். வீட்டில் எல்லாரும் அவளைச் சுற்றி உட்கார்ந்து கேட்டார்கள். கணக்கு போட்டது நான் என்று அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மாமியார் என் வாயில் ஊட்டிய மைசூர்பாகு இனிக்கவில்லை. இத்தனை நாள் அவளுக்குக் கிடைத்ததைப் பார்த்துத்தான் வெந்துகொண்டிருந்தேன். இப்போது என்னுடையதையும் எடுத்துக்கொண்டுவிட்டாள் என்று தோன்றியது. அதற்கப்புறம் அவளிடம் தேவைக்கு மேல் பேசவில்லை. அவளும் காரணம் கேட்கவில்லை.

பொங்கல் முடிந்த வாரம். அவள் வேலையிலிருந்து வந்ததும் நேரே அறைக்குள் போய்ப் படுத்துவிட்டாள். கொழுந்தன்தான் விஷயத்தைச் சொன்னான். சுரங்கத்துக்கு அனுப்பலாம் என்று கம்ப்யூட்டர் சொன்ன ஒரு பெட்டியைக் கிடங்கில் திறந்து பார்த்திருக்கிறார்கள். உள்ளே இருந்த வெடிமருந்துக் குச்சிகளில் எண்ணெய் மாதிரி கசிந்து ஊறிப்போயிருந்ததாம். அந்த நிலையில் அது கொஞ்சம் அதிர்ந்தாலே வெடித்துவிடுமாம். அப்படியே வைத்துவிட்டு எல்லாரும் வெளியே ஓடியிருக்கிறார்கள். அன்றைக்குச் சுரங்கத்தில் வேலையே நடக்கவில்லை.

"போன வருசம் ஜனவரில வந்த பொட்டியாம் அண்ணி. கம்ப்யூட்டரு அத நாலஞ்சு நாளுதான் ஆச்சுன்னு காட்டிருக்கு. கணக்கு போட்டது யாருன்னு ஆபீசரு கத்தினாராம். நான்தான் சார்னு சொல்லிட்டா. வேலை இருக்குமோ என்னமோ."

வருடத்தில் எத்தனையாவது நாள் என்றுதானே சொல்லிக்கொடுத்தேன்? எந்த வருடம் என்பதைக் கணக்கில் சேர்க்கவே இல்லையே! ஆகஸ்டில் எல்லாம் ஒரே வருடத்துப் பெட்டிகள், அதனால் தப்பு தெரியவில்லை. வருடம் பிறந்ததும் கணக்கு கவிழ்ந்துவிட்டது. அந்தப் பெட்டி கிடங்கில் திறக்கப்படாமல் லாரியில் ஏறியிருந்தால் என்று நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "என் பேரைச் சொல்லிருக்கலாமேடி" என்றேன்.

அவள் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "நல்ல பேரு வந்தப்ப உங்க பேரைச் சொல்லலக்கா. வூட்டுல கேட்டுக் கேட்டுச் செய்யிறவன்னு நெனைச்சு வேலையிலேருந்து எடுத்துருவாங்களோன்னு பயம். இப்ப திட்டு வாங்குறப்ப மட்டும் உங்களை எப்புடிக்கா இழுத்துவுடுறது?"

அவளை எழுப்பி உட்காரவைத்து, வருடத்தையும் சேர்த்துக் கணக்கை முதலிலிருந்து போட்டோம். லீப் வருடத்தில் பிப்ரவரி தாண்டினால் ஒரு நாள் கூடும் என்பதை அவள்தான் நினைவுபடுத்தினாள். இந்தத் தடவை வருடக் கடைசி, வருட ஆரம்பம், இரண்டு வருடம் தள்ளி என்று மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தோம்.

காலையில் அவளோடு நானும் ஆலை பஸ்ஸில் ஏறினேன். மாமியார் வாசலில் நின்று, "நீ எங்கடி போற?" என்று கேட்டது காதில் விழுந்தது. ஆபீசர் முன்னால் நின்று, "அந்தக் கணக்கு நான் போட்டதுங்க" என்றேன்.

"நீங்க யாரும்மா?"

"இவளோட ஓரகத்திங்க. கணக்கு படிச்சிருக்கேன்."

அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "யாரு போட்டா என்னம்மா, சோதிச்சுப் பாக்காம எடுத்துக்கிட்டது எங்க தப்பும்தான். இப்ப சரி பண்ணிட்டீங்களா, அதைச் சொல்லுங்க" என்றார். அவர் குரலில் கோபம் இன்னும் இருந்தது. ஆனால் அவளைக் கம்ப்யூட்டர் அறைக்குப் போகச் சொன்னார். நானும் போகலாமா என்று கேட்டேன். போங்கள் என்பதுபோல் கையை அசைத்தார்.

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனோம். ஏசி குளிர் அடித்தது. கறுப்புத் திரையில் பச்சை எழுத்துகள். அவள் நாற்காலியில் உட்கார்ந்து படபடவென்று அடித்தாள். அந்த வேகத்தைப் பார்த்ததும், சொன்னால் நம்புங்கள், அந்த நேரத்திலும் எனக்கு வயிறு எரிந்தது. போன வருட ஜனவரிக்கும் இன்றைக்கும் நடுவில் ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது என்று திரை சரியாகக் காட்டியது. அவள் எழுந்து, என் தோளைப் பிடித்து அந்த நாற்காலியில் அழுத்தி உட்காரவைத்தாள்.

"அடுத்த தேதியை நீங்க அடிங்கக்கா."

ஒற்றை விரலால், ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி, என் கல்யாணத் தேதியை அடித்தேன். எத்தனை நாள் என்று வந்து நின்றதைப் பார்த்துக் கண் கலங்கிவிட்டது.

அவள் வேலை போகவில்லை. எனக்கு வேலை கிடைக்கவும் இல்லை. தெருமுனையில் பஸ் ஹாரன் அடிக்கும்போது சுருக்கென்று தைப்பதும் நிற்கவில்லை. ஆனால் நான் பொறாமைப்பட்ட அவளே, என் தப்பைத் தன் தலையில் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்திருந்த அந்தச் சாயங்காலம் நினைவுக்கு வரும்போதெல்லாம், அவளுக்குக் கிடைத்ததில் ஒரு பங்கு எனக்கும் கிடைத்துவிட்டதாகவே இன்றுவரை தோன்றுகிறது.