அவள் இடது கை

ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் விட்டவன் நான். எழுத்து கோணல்மாணலாக இருக்கும், சின்ன ர பெரிய ற மாறியிருக்கும். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

தொண்ணூறுகளின் கடைசியில் எனக்கு வலது முழங்கையில் வலி வந்தது. ஆரணியில் பட்டுத் தறி நெய்கிறேன். குறுக்கு நூலைக் கொண்டுபோகும் நாடா ஓடுவதற்கு நாளெல்லாம் வலது கையால் கயிற்றை இழுக்க வேண்டும். டம்ளரைத் தூக்கினாலே முழங்கையின் வெளிப்பக்கம் சுருக்கென்றது. டாக்டர் அழுத்திப் பார்த்துவிட்டு, டென்னிஸ் எல்போ என்று சொல்லி பிசியோதெரபிக்கு அனுப்பினார்.

வீட்டில் சொன்னதும் என் மனைவிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. “டென்னிஸா? எனக்குத் தெரியாம எவகூடங்க ஆடிகினு இருந்தீங்க?”

பிசியோதெரபி செய்தது சின்ன வயசுப் பெண். வலிக்கிற இடத்தில் கட்டைவிரலால் குறுக்காகத் தேய்ப்பார். நான் கூச்சத்தில் சுவர்க் காலண்டரையே பார்த்துக்கொண்டிருப்பேன். “வலிக்குதாண்ணே?” என்றால் “இல்லீங்கம்மா” என்பேன். கண்ணில் தண்ணீர் நிற்கும். ஆறு வாரம் கயிற்றைத் தொடக் கூடாது, வீட்டில் துண்டைச் சுருட்டி தினமும் முறுக்க வேண்டும் என்றார்.

ஆனால் தறியில் பாவு, புடவைக்கான நீள நூல், ஏறியிருந்தது. ஏற்றிய பாவைச் சும்மா விட்டால் இழை தொய்ந்துவிடும் என்று எங்கள் தெருவில் எல்லாருக்கும் பயம். அதுவரை எனக்கு நூல் சுற்றிக் கொடுத்துக்கொண்டிருந்த என் மனைவி, “நவுருங்க” என்று சொல்லிவிட்டுத் தறிக்குழியில் இறங்கி உட்கார்ந்தாள்.

நான்காவது வாரம் அவள் தன் இடது கையைப் பிடித்துக்கொண்டாள். “தோள்லருந்து விரல் வரிக்கும் இழுக்குதுங்க. உங்க டென்னிஸ் எனக்கும் ஒட்டிக்கிச்சு.”

எனக்கு அது சரியாகத்தான் பட்டது. கயிறு இழுப்பது வலது கை. நூலை நெருக்கப் பலகையை இழுத்து அடிப்பது இடது கை. பழக்கமில்லாத கை, வலிக்கத்தான் செய்யும். வாழ்க்கையில் யாருக்கும் நான் எதையும் சொல்லிக் கொடுத்ததில்லை. அன்று எனக்கு ஒன்று தெரிந்திருந்தது. அவள் கையை மடியில் வைத்து, அந்தப் பெண் தேய்த்த மாதிரியே குறுக்காகத் தேய்த்தேன். துண்டைக் கொடுத்துப் பத்துத் தடவை முறுக்கச் சொன்னேன்.

அவளுக்கு மூச்சு வாங்கியது. நெற்றியெல்லாம் வியர்வை. “இன்னாங்க வாத்தியாரே, போதுமா?”

“இன்னும் ரெண்டு,” என்றேன்.

செய்தாள்.

மறுநாள் எனக்குத் தேய்த்து முடித்ததும் அந்தப் பெண், “வேற ஏதாச்சும் கேக்கணுமாண்ணே?” என்றார். என் மனைவியின் கைவலியைப் பற்றிக் கேட்க வாய் வரை வந்தது. வெளியே நாலு பேர் காத்திருந்தார்கள். “ஒண்ணும் இல்லீங்கம்மா,” என்று வந்துவிட்டேன்.

மூன்றாம் நாள் காலை அவள் தறியில் உட்கார்ந்தபடியே பாவின்மேல் சாய்ந்தாள். ஆட்டோவில் அவள் தலையை என் தோளில்தான் வைத்திருந்தேன். ஆஸ்பத்திரியில் டாக்டர், மாரடைப்பு, உயிர் இல்லை என்றார். “இடது கை வலிக்குதுன்னு சொன்னாங்களா?” என்று கேட்டார்.

“மூணு நாளா சொன்னாங்க, சார்” என்றேன்.

“அப்பவே கூட்டிகினு வந்திருக்கலாமே.”

தேய்த்துவிட்டதையும் துண்டு முறுக்க வைத்ததையும் அவரிடம் நான் சொல்லவில்லை. என் பிள்ளைகளிடமும் இன்று வரை சொல்லவில்லை.

காரியம் முடிந்த பிறகு பிசியோதெரபிக்குக் கடைசியாக ஒரு முறை போனேன். கைக்காகப் போகவில்லை. அந்த இன்னும் ரெண்டு தடவையால்தான் அவள் போனாளா என்று கேட்கப் போனேன். மொட்டைத் தலையைப் பார்த்து, “கோயிலுக்குப் போனீங்களாண்ணே?” என்றார் அந்தப் பெண். நான் கையை நீட்டினேன். முழங்கையை அழுத்திப் பார்த்தார். வலிக்கவில்லை.

“சூப்பர்ணே. வீட்ல ஒழுங்கா செஞ்சிருக்கீங்க.”

தலையை ஆட்டிவிட்டுப் படி இறங்கினேன்.

எழுதியது: 2008, ஆகஸ்ட் 11, திங்கட்கிழமை.