மூங்கிலில் கட்டாத தாள்

என் ஏழு வயது மகள் எழுதியது ஆசையா, என்னைப் பற்றிய முறைப்பாடா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

ஹம்பேர்க்கில் ஆரணி படிக்கும் வகுப்பில் போன கோடையில் தனபாத்தா கொண்டாடினார்கள். ஆசைகளை வண்ணத் தாளில் எழுதி மூங்கில் கிளையில் கட்டும் ஜப்பானிய வழக்கம் அது. அவளோடு படிக்கும் பிள்ளையின் ஜப்பானியத் தாய் மூங்கில் கொண்டுவந்திருந்தார். தாள்களைக் கட்டுவதற்கு உதவியாக நான் போயிருந்தேன்.

ஆரணியின் தாளில், "அம்மா ஒரு நாளாவது பயப்படாமல் இருக்க வேண்டும்" என்று ஜெர்மனில் எழுதியிருந்தது. ஆசிரியை வாசித்தால் எங்கள் வீட்டில் ஏதோ பிரச்சினை என்று நினைப்பாரே, சிறுவர் நல அலுவலகத்துக்கு அறிவித்துவிடுவாரோ என்று பயந்தேன். தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்தேன்.

ஆரணி கிளையைச் சுற்றிச் சுற்றித் தேடினாள்.

"என்ர பேப்பர் எங்கையம்மா?"

"காத்துக்கு எங்கையும் விழுந்திருக்கும்."

அவள் பூட்டியிருந்த யன்னலைப் பார்த்தாள். பிறகு புதுத் தாள் ஒன்றை எடுத்துவந்து என் முன்னால் வைத்தாள்.

"என்ன எழுதினா எடுக்கமாட்டீங்கள்?"

கோபமே இல்லை. வீட்டுப்பாடத்தில் சந்தேகம் கேட்பதுபோலக் கேட்டாள். நான் கைப்பையை இழுத்து மூடினேன். பூனைக்குட்டி வேண்டும் என்று எழுதி, "இது சரியோ?" என்று காட்டினாள்.

"ஓம்" என்றேன்.

என் பயத்துக்கு ஏற்றபடி ஆசைப்பட அவள் அன்று பழகிவிட்டாள் என்றே நினைக்கிறேன். முதல் தாள் இன்னும் என் கைப்பையில் இருக்கிறது. அதை என்ன சொல்லி அவளிடம் திருப்பிக் கொடுப்பது? பிள்ளை வளர்த்தவர்கள் எனக்கு எழுதுங்கள்.