ஏழு பேரும் ஒருத்தியும்

எனக்குக் கோபம் வந்தால் வாய் முந்திக்கொள்ளும். புத்தி பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு வரும். இதை வீட்டில் எல்லோரும் சொல்லிச் சிரிப்பார்கள், நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். எழுபதுகளின் கடைசியில், திருவண்ணாமலையில் ஒரு கல்லூரியில் தாவரவியல் பாடம் எடுத்துக்கொண்டிருந்தபோது, அந்த வாய் ஒரு பெண்ணின் படிப்பைக் கெடுத்தது. அதற்குப் பிறகு அந்தக் கேலிக்கு என்னால் சிரிக்க முடிந்ததில்லை.

எங்கள் கல்லூரியில் நடனம் சொல்லித்தர ஆள் கிடையாது. சின்ன வயதில், பதினைந்து வயது வரைக்கும், வேலூரில் நான் நடனம் கற்றுக்கொண்டது எப்படியோ முதல்வர் காதுக்குப் போய்விட்டது. பூவை நெடுக்காக அறுத்துக் காட்டுகிறவள் கோலாட்டத்தையும் காட்டட்டும் என்று முடிவு செய்துவிட்டார். பல்கலைக்கழகக் கலைவிழா அந்த வருஷம் வேலூரில். எட்டுப் பெண்களைப் பொறுக்கி எடுத்தேன். வேலூரில் நன்றாகப் பாடக்கூடிய ஒரு பழைய தோழியைப் பாடவைத்து, கேசட்டில் பதிவு செய்து கொண்டுவந்தேன்.

தினமும் நாலு மணிக்கு வகுப்பு முடிந்ததும் கல்லூரிக் கூடத்தில் ஒத்திகை. டேப் ரெக்கார்டருக்குக் கட்டை பேட்டரி போட்டு மாளாது என்று, பேட்டரிக்குப் பதில் எலிமினேட்டர் வைத்து நேராகக் கரண்டில் ஓட்டினோம். அந்த நேரத்தில்தான் சுற்றுப்பட்ட கிராமங்களில் எல்லாக் கிணற்று மோட்டரும் ஓடும். கூடத்து ட்யூப் லைட் இரண்டு ஓரமும் சிவந்து துடிக்கும், எரியாது. மின்விசிறியின் இறக்கைகளை எண்ணிவிடலாம். அதெல்லாம் எங்களுக்குப் பழகிப்போன விஷயம்.

முன்வரிசையில் நான் நிறுத்தியிருந்த பெண் கீழ்பென்னாத்தூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து பஸ்ஸில் வந்துபோகிறவள். இரண்டாம் வருஷம், என் வகுப்பு மாணவிதான். அவர்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள். அவளுடைய அப்பா ஒரு நாள் ஆய்வகத்து வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

"டீச்சரம்மா, காலேஜுக்கு அனுப்புனா கூத்தாடுதுன்னு எங்க ஜனம் பேசுது. என் மச்சான் மவனுக்குக் குடுன்னு ஒரே நெருக்கடி. நான்தான் தள்ளிப் போட்டுக்கினு வரேன். வேலூருக்கு நானும் கூட வரேங்க. எம் பொண்ணு எப்பிடின்னு என் கண்ணால பாத்துட்டன்னா, பாக்கி ஒரு வருஷத்தையும் படிச்சு முடிக்கட்டும்னு அவங்க மூஞ்சிக்கு நேரா சொல்லிப்புடுவேன்."

வாங்க, தாராளமாக வாங்க என்றேன். அவள் பெருமையாக அவர் பின்னால் நின்றாள்.

ஒத்திகை தொடங்கி மூன்றாவது வாரம் இருக்கும். பாட்டு ஓடிக்கொண்டிருந்தபோது அவள் கோலை இறக்கிவிட்டு, "மேடம், பாட்டு மெதுவா போவுது. இன்னிக்குக் காலைல சீக்கிரமே வந்துட்டேன், போட்டுக் கேட்டேன். அப்ப வேகமா இருந்துது" என்றாள்.

எனக்கு அன்றைக்கு ஏற்கெனவே தலைவலி. "எட்டுப் பேர்ல உனக்கு மட்டும் ஆண்டவன் தனியா காது வெச்சானா? பாட்டு மேல பழி போடாம ஆடு" என்றேன். மற்ற ஏழு பேரும் சிரித்தார்கள். அவளும் அசடு வழியச் சிரித்தாள். அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. இரண்டு மாதம் அந்த வேகத்திலேயே ஆடவைத்தேன். பெண்களின் காலும் என் காதும் அதற்கே படிந்துவிட்டன.

வேலூருக்கு வேனில் போனோம். அவள் அப்பா டிரைவர் பக்கத்தில் வெள்ளைத் துண்டோடு உட்கார்ந்து வந்தார். ஒரு பை நிறைய அவித்த மல்லாட்டை, எங்கள் பக்கத்து வேர்க்கடலை, கொண்டுவந்திருந்தார். பெண்கள் வழியெல்லாம் உரித்துத் தின்று, வேன் முழுக்கத் தோலாக்கினார்கள். அவர்கள் சந்தோஷத்தைப் பார்த்து அந்த வழியில் நான்கூட யாரையும் திட்டவில்லை.

மண்டபத்தில் நல்ல கூட்டம். விளக்குகள் கண்ணைக் கூசவைத்தன. எட்டுப் பேரும் பாவாடை தாவணியில் ஜோடி ஜோடியாக நின்றார்கள். பாட்டு ஆரம்பித்தது. முதல் அடியிலேயே ஏதோ சரியில்லை என்று தெரிந்தது, என்னவென்று தெரியவில்லை. மேடையோரம் மறைவில் நின்று உள்ளங்கையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தேன். ஏழு பேர் என் தாளத்தில் ஆடினார்கள். அவள் மட்டும் தலையைச் சாய்த்து ஒரு கணம் கேட்டாள். கேட்டுவிட்டு முன்னால் போய்விட்டாள். ஒரு கோல் பிந்தி மற்றவர்கள் தட்டினார்கள், அவள் அடுத்த தட்டுக்குப் போயிருந்தாள். ஜோடிகள் குறுக்கே மாறுகிற இடத்தில், தட்ட எதிர்க்கோல் இல்லாமல் அவள் கை அந்தரத்தில் நின்றது. எதிரே இருந்தவளின் கோல் தாமதமாக வந்து அவள் விரலில் பட்டது. பிடி நழுவி, கோல் மேடையிலிருந்து விழுந்து உருண்டு நடுவர்கள் மேஜையடியில் போய் நின்றது. பின்வரிசைப் பையன்கள் விசிலடித்தார்கள். மண்டபமே சிரித்தது. அவள் மீதிப் பாட்டை ஒற்றைக் கோலோடு ஆடி முடித்தாள்.

மேடைக்குப் பின்னால் அவள் அப்பா வந்தார். முகம் சுண்டிப்போயிருந்தது. "என்னா ஆச்சுங்க டீச்சரம்மா?" என்றார்.

"என்ன ஆச்சா? ஏழு பேர் ஒழுங்கா ஆடறாங்க. உங்க பொண்ணு ஒருத்தி தாளம் தெரியாம ஓடறா. எல்லார் உழைப்பும் இவளால போச்சு. இவளுக்கு இது வராதுங்க. எதுலயும் கவனம் இல்ல."

எதுலயும். அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. என் வகுப்பில் அவள் வரைந்த தண்டுக் குறுக்குவெட்டுப் படங்களைத்தான் மற்றவர்களுக்கு மாதிரியாகக் காட்டிக்கொண்டிருந்தேன். அவள் "மேடம், பாட்டு..." என்று ஆரம்பித்தாள். "வாயத் திறக்காத" என்றேன். அவர் இரண்டு முறை தலையை ஆட்டிவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

திங்கட்கிழமை அவள் கல்லூரிக்கு வரவில்லை. அந்த வாரம் முழுக்க வரவில்லை. மாமன் மகனுக்கே நிச்சயம் செய்துவிட்டார்கள் என்று அவளோடு பஸ்ஸில் வருகிற பெண் சொன்னாள். சரி, அவளுக்கும் இதுதான் நல்லது என்று நினைத்தேன். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன்.

பங்குனியில் கல்லூரி ஆண்டு விழா வந்தது. வீணாகப் போக வேண்டாம் என்று, புதிதாக ஒருத்தியைச் சேர்த்து அதே கோலாட்டத்தை ஒத்திகை பார்த்தோம். ஒரு நாள் மத்தியானம் கோடை மழை பிடித்துக்கொண்டது. கிராமங்களில் மோட்டரை எல்லாம் நிறுத்திவிட்டார்கள் போலிருக்கிறது. நாலு மணிக்கு, பொத்தானைத் தட்டியதும் ட்யூப் லைட் பளிச்சென்று எரிந்தது. கேசட்டைப் போட்டேன். பாட்டு ஓடியது. வேலூரில் ஓடிய அதே ஓட்டம். பெண்கள் பின்தங்கி, ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டு நின்றுவிட்டார்கள்.

அவர்களை உட்காரச் சொல்லிவிட்டுப் பாட்டைக் கடைசிவரை கேட்டேன். இதுதான் என் தோழி பாடிய வேகம். இரண்டு மாதம் நாங்கள் ஆடியது, மோட்டர்கள் ஓடுகிற நேரத்துக் குறைந்த கரண்டில் இழுத்துக்கொண்டு ஓடிய பாட்டுக்கு. வேலூர் மேடையில் எட்டுப் பேரில் ஒருத்திதான் பாட்டோடு ஆடியிருக்கிறாள். தப்பாக ஆடியது மற்ற ஏழு பேர். தப்பாகத் தாளம் போட்டது நான். கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

சனிக்கிழமை காலை பஸ்ஸில் அவள் ஊருக்குப் போனேன். களத்தில் மல்லாட்டை காயப் போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு ஓடி வந்தாள். நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். உன் மேல் தப்பே இல்லை, என் மேல்தான் என்றேன்.

"தெரியும் மேடம்" என்றாள். "மேடையிலயே தெரிஞ்சுபோச்சு. அவங்களோட சேந்து நானும் மெதுவா ஆடி இருக்கலாம். பாட்டு அது பாட்டுக்குப் போவுதே, அத எப்பிடி உட்டுட்டு ஆடறதுன்னு இருந்துது."

"உங்க அப்பாகிட்ட இப்பவே சொல்றேன். படிப்ப முடிக்கட்டும்னு கேக்கறேன்."

அவள் அவசரமாக என் கையைப் பிடித்தாள். "வேணாம் மேடம். பத்திரிகை குடுத்து முடிச்சுட்டாங்க. வர புதன்கிழம கல்யாணம். இப்ப சொன்னா அது ஒண்ணும் நிக்காது. வேலூர்ல இருந்து வந்து மூணு நாள் அவரு சரியா சோறு துன்னல. இப்பதான் மனசத் தேத்திக்கினு இருக்காரு. எம் பொண்ணு படிப்ப நானே கெடுத்துட்டேனேன்னு நெனச்சா, தாங்க மாட்டாரு."

அதற்குள் அவரே வயலிலிருந்து வந்துவிட்டார். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது. காலைக் கழுவிக்கொண்டு வந்து, எனக்கு நாற்காலி போட்டுவிட்டு, தான் தரையில் உட்கார்ந்தார். மோர் கொண்டுவரச் சொன்னார். மஞ்சள் தடவிய பத்திரிகையை இரண்டு கையாலும் நீட்டினார்.

"நானே நேர்ல வந்து வெச்சிருக்கணும் டீச்சரம்மா. அன்னிக்கு நீங்க மழுப்பாம உள்ளதச் சொன்னீங்க. வேற யாருன்னாலும் எம் முகத்துக்காகப் பூசி மெழுவி இருப்பாங்க. படிச்சவங்க, நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னு முடிவெடுத்தேன்." அவர் குரல் இறங்கியது. "ஒண்ணே ஒண்ணு மட்டும் உறுத்திக்கினே இருக்குது. நான் செஞ்சது சரிதானுங்களே? அவளுக்கு இதெல்லாம் வராது, இல்லீங்களா?"

அவர் முதுகுக்குப் பின்னால் மோர் டம்ளரோடு அவள் நின்றிருந்தாள். என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். தலையை மெல்ல, ஒரே ஒரு முறை, வேண்டாமென்று அசைத்தாள்.

"வராதுங்க" என்றேன்.

அவர் பெருமூச்சு விட்டார். அவள் முன்னால் வந்து மோரை என் கையில் கொடுத்தாள்.