ஏரிக்குள் ஓடிய ஆடி

இன்று மாலை, முதல் தூறலில் மண் மணத்ததும் வீட்டில் எல்லோரும் வாசலுக்கு ஓடினார்கள். நான் சன்னலைச் சாத்தினேன்.

வெள்ளைக்காரன் காலத்தில், கோடை முடியும் தறுவாயில், பருத்திப்பட்டு ஏரி காய்ந்து பாளம் பாளமாக வெடித்து எங்களுக்கு மைதானமாகிவிடும். ஆடிக்காற்று பாவாடையைப் பிடித்து இழுக்க, வெடிப்பில் கால்விரல் சிக்கச் சிக்க, நானும் அக்காவும் பொழுது சாயும்வரை ஓடிப்பிடித்து விளையாடுவோம். அக்காவுக்கு ஆவணியில் கல்யாணம் என்று நிச்சயமான வருஷம், கரையில் பெரியவர்கள் மேகம் பார்த்து நிற்க, அவள் மூச்சு வாங்கியும் நிற்காமல் ஓடினாள்.

“இன்னாத்துக்குக்கா இப்டி ஓட்றே? கொஞ்சம் குந்து” என்றேன்.

“நீ அடுத்த வருசமும் ஓடுவே. எனுக்கு இந்த ஆடிதான் கீது” என்றாள்.

சொல்லி முடிப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது. கரையே கூத்தாடியது. காலடியில் மைதானம் சேறாவதைப் பார்த்தபடி அக்கா முதல்முறையாக ஓடாமல் நின்றாள்.