மூன்று மடங்கு தாங்கும்

அறுபதுகளின் நடுவில் என் அண்ணனுக்குக் கார்ப் பந்தயப் பைத்தியம் பிடித்தது. அவர் திருவெறும்பூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் எந்திர வரைபடம் வரைபவர். நான் திருச்சியில் ஒரு பெண்கள் பள்ளியில் பௌதிக ஆசிரியை. அப்பா விட்டுப்போன பழைய இங்கிலீஷ் காரை, சென்னைக்குப் பக்கத்தில் ஒரு விமான ஓடுதளத்தில் நடக்கும் பந்தயத்துக்குத் தயார் செய்துகொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தால் சாப்பாட்டுக்குக்கூட ஷெட்டை விட்டு வரமாட்டார்.

அவருக்கு உதவியாக ஸ்ரீரங்கத்திலிருந்து சைக்கிளில் ஒரு மெக்கானிக் வருவார். நாற்பது வயது இருக்கும். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வார்.

எஞ்சினுக்குப் பின்னால் ஃப்ளைவீல் என்று ஒரு கனத்த இரும்புச் சக்கரம் சுற்றும். அதன் எடையைக் குறைத்தால் எஞ்சின் சட்டென்று வேகம் பிடிக்கும். ஸ்டீலில் புதிதாகச் செய்து வாங்குவதுதான் நல்லது என்றார் மெக்கானிக். கோயமுத்தூரில் சொல்லி வைத்தால் வர இரண்டு மாதம் ஆகும். பந்தயத்துக்கோ மூன்று வாரம்தான் இருந்தது. இருக்கிற வார்ப்பிரும்புச் சக்கரத்தையே லேத்தில் கடைந்து மெலிதாக்கிவிடலாம் என்றார் அண்ணன்.

"வேணாம் சார். பழைய வார்ப்பு. கிளட்ச் சூட்டுல எத்தனை வருஷம் வெந்துச்சோ. வெடிச்சா மூடியைப் பொத்துக்கிட்டு வந்துடும்."

அன்று சாயங்காலம் அண்ணன் என்னிடம் வந்தார். "நீ ஒரு கணக்குப் போட்டுச் சொல்லு. நீ சொன்னா அவர் கேப்பார்."

அது எனக்குப் பெருமையாக இருந்தது. அதை மறைத்துப் பயனில்லை. சக்கரத்தின் ஆரம், நிமிடத்துக்கு எத்தனை சுற்று, வார்ப்பிரும்பு எவ்வளவு இழுப்பைத் தாங்கும் எல்லாவற்றையும் எழுதிப் போட்டேன். வரக்கூடிய இழுப்பைப் போல் மூன்று மடங்கு தாங்கும் என்று வந்தது. புத்தகத்தில் அந்தச் சூத்திரத்துக்குக் கீழே, குறையில்லாத உலோகத்துக்கு மட்டுமே இது பொருந்தும் என்று சின்ன எழுத்தில் ஒரு வரி இருந்தது. படித்தேன். பொதுவாக எல்லாப் புத்தகத்திலும் போடுகிற வரிதானே என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் காகிதத்தை மெக்கானிக்கிடம் காட்டினேன். அவருக்கு அது புரிந்திருக்காது. ஆனாலும் கடைசி வரி வரை பார்த்தார். "டீச்சர் சொன்னா சரிதாங்க" என்று சக்கரத்தைக் கோணியில் சுற்றி லேத்துப் பட்டறைக்கு எடுத்துப்போனார்.

சனிக்கிழமை பிற்பகல் எல்லாவற்றையும் மாட்டி எஞ்சினை ஓட்டிப் பார்த்தார்கள். மெக்கானிக் டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருந்தார். அண்ணன் முன்னால் குனிந்து சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் ஷெட் வாசலில் நின்றேன்.

"இன்னும் கொஞ்சம் கொடுங்க" என்றார் அண்ணன்.

சத்தம் ஏறியது. அப்புறம் கன்னத்தில் ஓர் அறை விழுந்த மாதிரி இருந்தது, அவ்வளவுதான். கூரை ஓடு இரண்டு உடைந்து விழுந்தன. எஞ்சின் நின்றுபோயிருந்தது. மெக்கானிக் கதவைத் திறக்கப் பார்த்தார். "காலு ஒண்ணும் தெரியலையே" என்றார். குனிந்து பார்த்தபோது வண்டியின் தரைத் தகடு கிழிந்து மேலே மடங்கியிருந்தது. என் முந்தானையைக் கிழித்து அண்ணன் கட்டுப் போட்டார். முடிச்சை நான்தான் போட்டேன்.

ஆஸ்பத்திரியில் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

இரண்டு நாள் கழித்து அண்ணன் சக்கரத்தின் துண்டுகளைப் பொறுக்கி மேசையில் வைத்தார். உடைந்த இடம் எங்கும் புதுச் சாம்பல் நிறம். போல்ட் துளையின் பக்கம் மட்டும் ஒரு விரல் நீளத்துக்குக் கறுப்பாகத் துரு ஏறியிருந்தது. அந்த விரிசல் நாங்கள் கடைவதற்கு முன்பே அங்கே இருந்திருக்கிறது. அண்ணன் எழுந்து போனார்.

ஒரு மாதத்துக்குப் பின் ஸ்ரீரங்கத்தில் மெக்கானிக் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி பாய் விரித்தார், முகம் கொடுக்கவில்லை.

"தப்பு என்னோடதுங்க. கணக்கு நான்தான் போட்டேன்" என்றேன்.

"கணக்குல என்ன தப்பு டீச்சர். சக்கரத்துலதான் தப்பு." என்றார் மெக்கானிக். "மண்ணெண்ணெய்ல ஊறப்போட்டு, நல்லாத் துடைச்சிட்டு, சுண்ணாம்புப் பொடி தூவினா விரிசல் இருக்குற எடத்துல கோடு மாதிரி ஈரம் கசியும். எப்பவும் பாக்குறதுதான். அன்னிக்கு நீங்க காகிதத்தைக் காட்டினதும், எதுக்குன்னு விட்டுட்டேன்."

"அப்ப இவங்க சொல்லலன்னா பாத்திருப்பீங்க" என்றார் மனைவி உள்ளேயிருந்து.

நான் விடைபெற்றுக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன்.

அண்ணன் காரை விற்றுவிட்டுப் பம்பாயில் வேலை தேடிக்கொண்டார். கடிதங்களில் அதைப் பற்றி ஒருநாளும் எழுதியதில்லை. மெக்கானிக் ஒரு நண்பரின் பட்டறையில் உட்கார்ந்தபடியே சக்கரங்களைச் சோதித்துச் சொல்லும் வேலை பார்த்தார். வார்ப்பிரும்பைக் கடைந்து கொண்டுவந்தால் சோதிக்காமலே திருப்பி அனுப்பிவிடுவார் என்று கேள்விப்பட்டேன். ஸ்டீல் வாங்குங்க, இல்லன்னா கனமாவே ஓட்டுங்க என்பாராம்.

ஓரிரு வருஷம் கழித்துத் தொட்டியத்திலிருந்து ஒரு வாழைத்தோட்டக்காரர் பள்ளிக்கூடத்துக்கே என்னைத் தேடி வந்தார். அவரும் பந்தயத்துக்குக் கார் தயார் செய்கிறவர்; அந்தப் பட்டறையில் யாரோ என்னைப் பற்றிச் சொல்லியிருந்தார்கள்.

"ஸ்ரீரங்கத்துல ஒருத்தர் நான் கடைஞ்சு கொண்டுபோன ஃப்ளைவீலைத் தொடவே மாட்டேங்குறார். கால் போனதுலேர்ந்து அவருக்குப் பயமாம். நீங்க ஒரு கணக்குப் போட்டுக் கொடுத்தா அவர்கிட்டக் காட்டுவேன்."

நடந்ததை முழுக்கச் சொன்னேன், அந்தச் சின்ன எழுத்து வரி உட்பட. மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். "பாவம்தாங்க" என்றார். பிறகு, மதுரையில் ஓர் இஞ்சினீயரைத் தெரியும், அவரிடம் கேட்டுக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்தார். வாசலில் நின்ற காரைக் கிளப்பி, மணியடித்து வெளியே வந்த பிள்ளைகள் ஒதுங்கும்வரை பொறுமையாகக் காத்திருந்து ஓட்டிக்கொண்டு போனார்.