ரகசியம் அடிக்குறிப்பில் இருந்தது

எங்கள் அச்சகத்தில் மெய்ப்புப் பார்க்கும் அக்காவுக்கு ‘ஒற்றக்கா’ என்று பெயர் வைத்தவன் நான்தான். க், ச், த், ப் என்று எந்த ஒற்றெழுத்து விட்டுப்போனாலும் அவருடைய சிவப்புப் பேனா நேராக அங்கே போய் நின்றுவிடும். ஒற்று என்றால் வேவு என்றும் ஒரு பொருள் உண்டு, இரண்டும் உங்களுக்குப் பொருந்துகிறது என்று சொன்னேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

“பேரு நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா நேத்து நீ கோர்த்த பக்கத்துல மட்டும் பதினாலு இடத்துல வேவு பாக்க வேண்டியிருந்துச்சு,” என்றார்.

நான் கணினியில் பக்கம் கோர்ப்பவன். என் மேசைக்கும் அவர் மேசைக்கும் நடுவில் இடுப்புயர ஒட்டுப்பலகைத் தடுப்பு ஒன்றுதான். பதினோரு வருடமாக அந்தத் தடுப்புக்கு மேலேதான் எங்கள் பேச்செல்லாம் போய்வருகிறது. அவர் எந்தப் பக்கத்தையும் மூன்று முறை படிப்பார். முதல் முறை எழுத்துக்காக. இரண்டாவது பொருளுக்காக. மூன்றாவது முறை கடைசி வரியில் தொடங்கி மேல்நோக்கி வருவார். அப்போதுதான் கதை நம்மைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடாது என்பார். அவருடைய கணவர் லிப்ட் மெக்கானிக். கடைக்கு எழுதிக் கொடுக்கும் சாமான் சீட்டைக்கூடத் திருத்தித்தான் திருப்பித் தருகிறாள் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பார்.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சபைக்குப் போகிறவர் அக்கா. அலுவலகத்தில் அதைப் பற்றி அதிகம் பேசமாட்டார். அதனால்தான் அந்த நாவல் அச்சுக்கு வந்த அன்று முதலாளி தயங்கித் தயங்கி எங்கள் பக்கம் வந்தார்.

உலகமெங்கும் சக்கைப்போடு போட்டுக்கொண்டிருந்த கதை அது. பழைய மடம் ஒன்றின் நிலவறையில் ஒரு பெட்டி கிடைக்கிறது. பெட்டிக்குள் இருக்கும் ஏடு பைபிளையே பொய்யாக்கிவிடுகிறது. அதை வைத்திருப்பவர்களை ஒரு ரகசியக் கூட்டம் துரத்துகிறது. நானூற்று இருபது பக்கம். தமிழாக்கம் எங்களிடம் வந்திருந்தது.

“உங்களுக்குச் சங்கடமா இருந்தா வெளியில யார்கிட்டயாவது குடுத்துடறேம்மா,” என்றார் முதலாளி.

“வெளியில குடுத்தா தப்பு நிக்கும் சார். வச்சுட்டுப் போங்க,” என்றார் அக்கா.

அவர் அதை வாங்கிக்கொண்டதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. பல் மருத்துவமனையில் உதவியாளராக இருக்கும் அவருடைய தங்கை, மூலத்தை இரண்டே நாளில் படித்து முடித்திருந்தாள். படித்த வாரத்திலிருந்து சபைக்குப் போவதை நிறுத்திவிட்டாள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அக்காவைப் பார்க்க அடிக்கடி வருவாள். அவள் வந்தாலே எங்கள் அறையில் சத்தம் கூடிவிடும்.

“பைபிளைக் கையால காப்பி எடுத்தவங்க எல்லாரும் அவங்கவங்க இஷ்டத்துக்கு மாத்திட்டாங்கக்கா. பிரதிக்குப் பிரதி ஆயிரக்கணக்குல வித்தியாசமாம். இருபத்தஞ்சு வருஷமா இதையா நம்மள மனப்பாடம் பண்ண வச்சாங்க?”

“நான் இன்னும் அறுபதாம் பக்கத்துலதான்டி இருக்கேன். முடிவைச் சொல்லிடாதே,” என்றார் அக்கா.

உண்மையாகவே அவர் அந்தக் கதையை ரசித்துப் படித்தார். அதை மறைக்கவும் இல்லை. “கதை நல்லா ஓடுது தம்பி. சரித்திரந்தான் நொண்டுது,” என்று தடுப்புக்கு மேலே தலையை நீட்டிச் சொல்வார். எந்தெந்தப் புத்தகங்கள் பைபிளில் சேரவேண்டும் என்று ஒரு பேரரசன் ஆயர்களைக் கூட்டிவைத்து ஒரே வாரத்தில் முடிவுகட்டினான் என்று நாவலில் ஓர் அத்தியாயம். அக்கா பொது நூலகத்துக்குப் போய் அந்தக் கூட்டத்தின் தீர்மானங்களை எடுத்துப் படித்துவிட்டு வந்தார். “இருபது தீர்மானம். பைபிள்ல எந்தப் புத்தகம் சேரணும்னு ஒரு தீர்மானமும் இல்ல,” என்றார். ஆனால் பக்கத்தில் கை வைக்கவில்லை. “கதாசிரியர் சொல்றது அவர் பாடு. எழுத்துப்பிழை மட்டும் என் பாடு.”

அப்படி அவர் பிடித்ததில் ஒன்று எனக்கு மறக்காது. ‘துறவி தந்த பெட்டியைத் திறந்தார்’ என்று நான் கோர்த்திருந்தேன். அக்கா மூலத்தைப் பார்த்துவிட்டு ஒரு ‘ப்’ சேர்த்தார். ‘தந்தப் பெட்டி’ என்றால் யானைத் தந்தத்தில் செய்த பெட்டி, திறந்தவர் துறவி. ‘ப்’ இல்லாவிட்டால் அது துறவி கொடுத்த பெட்டி. திறந்தவர் வேறு யாரோ. “ஒரு புள்ளியில ஆளையே மாத்திட்டியே தம்பி,” என்றார்.

முப்பத்தோராம் அத்தியாயம் வரும்வரை எல்லாம் கலகலப்பாகத்தான் போனது. அந்த அத்தியாயத்தில் கதாநாயகன் நடுங்கும் குரலில் ஓர் உண்மையைச் சொல்கிறான். மாற்கு எழுதிய சுவிசேஷத்தின் கடைசிப் பன்னிரண்டு வசனங்கள் மிகப் பழைய பிரதிகளில் இல்லையாம். அதைத்தான் இத்தனை நூற்றாண்டுகளாக மறைத்து வைத்திருந்தார்களாம். அக்கா அந்தப் பக்கத்தை மூன்று முறைக்குப் பதிலாக ஐந்தாறு முறை படித்தார். பிறகு பேனாவை மூடி வைத்துவிட்டார். அன்று அவர் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்த மாதிரியே எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலை இரண்டு பைபிள்களோடு வந்தார். ஒன்று அவருடைய அம்மா கொடுத்த பழைய பைபிள். அதில் அந்தப் பன்னிரண்டு வசனங்களும் மற்றவற்றைப் போலவே இருந்தன. இன்னொன்று புது மொழிபெயர்ப்பு. ஏதோ போட்டியில் பரிசாக வந்து, பிரிக்காமலே அலமாரியில் கிடந்தது. அதைத் திருப்பி, பக்கத்தின் அடியில் விரலை வைத்து என்னைக் கூப்பிட்டார். பொடி எழுத்தில் ஒரு குறிப்பு: பழமையான சில கைப்பிரதிகளில் 9 முதல் 20 வரையுள்ள வசனங்கள் இல்லை.

“பாத்தியா தம்பி? கதாநாயகன் உயிரைப் பணயம் வச்சுக் கண்டுபிடிச்ச ரகசியம். எங்க வீட்டு அலமாரியில எட்டு வருஷமா தூங்கிட்டு இருக்கு. மறைக்கணும்னு நினைச்சவன் அடிக்குறிப்பு போடுவானா?”

சிரித்தார். ஆனால் சிரிப்பு முழுசாக இல்லை. “அது சரி, எனக்கு ஏன் இதை யாருமே சொல்லல?”

மதியம் என் ஸ்கூட்டரில் அவரைச் சபைக்கு அழைத்துப்போனேன். போதகர் ஏணியில் ஏறி ஒலிபெருக்கிக் கம்பியைச் சரிசெய்துகொண்டிருந்தார். அக்கா கீழே நின்றபடியே புத்தகத்தை விரித்துக் காட்டினார்.

“இது உங்களுக்குத் தெரியுமா பாஸ்டர்?”

அவர் மெதுவாக இறங்கி வந்தார். “தெரியும்மா. படிக்கும்போதே முதல் வருஷத்துல சொல்லிக் குடுத்தாங்க.”

“அப்புறம் ஏன் எங்களுக்குச் சொல்லல?”

“குழம்பிடுவாங்களோன்னு ஒரு பயம்தான்.”

“இப்ப மட்டும் தெளிவா இருக்கோமா? நீங்க பக்குவமா சொல்லியிருந்தா இது ஒரு தகவல். கதைக்காரர் சொன்னதால அது குட்டு உடைஞ்ச மாதிரி ஆயிடுச்சு. என் தங்கச்சி ஆறு வாரமா வரல.”

போதகர் கையிலிருந்த கம்பியைச் சுருட்டினார். பிறகு, “தப்பு என்னோடதுதான்,” என்றார். அந்த ஒரு சொல்லில் அக்காவின் கோபம் பாதி இறங்கிவிட்டது. “வர்ற சனிக்கிழமை சாயங்காலம் எல்லாரையும் கூப்பிடறேன். நீங்களே பேசுங்க,” என்றார் போதகர்.

“நான் பேசுறவ இல்ல பாஸ்டர். திருத்துறவ.”

“அப்ப திருத்திக் காட்டுங்க.”

அக்கா காட்டியது இதுதான். நாவலிலிருந்தே ஆறு வரியை எடுத்து ஒரே ஒரு தாளில் என்னை அச்சிட்டுத் தரச் சொன்னார்:

‘துறவி சிரித்தார். மழை நிற்கவில்லை. வாசலில் இரண்டு குதிரைகள் நின்றன. துறவி தந்தப் பெட்டியைத் திறந்தார். உள்ளே ஒரே ஓர் ஏடு இருந்தது. அதில் எழுதியவன் பெயர் இல்லை.’

சபைக் கூடத்தில் பதினாறு பேரை நாலு வரிசையாக உட்கார வைத்தார். ஒவ்வொரு வரிசையிலும் முதல் ஆள் அச்சுத்தாளைப் பார்த்து எழுதவேண்டும். அடுத்தவர் அவர் எழுதியதைப் பார்த்து எழுதவேண்டும். இப்படியே நாலு கை மாறவேண்டும். வேகமாக எழுதச் சொன்னார். நடுநடுவே விளக்கை வேறு அணைத்து அணைத்துப் போட்டார். முடிந்ததும் அச்சுத்தாளை வாங்கி என் சட்டைப்பையில் திணித்துவிட்டார். மூலம் தொலைந்துவிட்டது என்று அறிவித்தார்.

தங்கை எழுதாமல், எல்லோருக்கும் பின்னால் தனியாக ஒரு நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அக்கா கெஞ்சியதற்காக மட்டும் வந்திருந்தாள். பதினாறு தாள்களையும் அக்கா அவள் மடியில் வைத்தார்.

“நீ நாவலை ரெண்டே நாள்ல ஓடிப் படிச்சவ, இந்த வரியெல்லாம் ஞாபகம் இருக்காது. அச்சுத்தாளையும் பாக்கல. எங்க மேல நம்பிக்கையும் இல்ல. அதனால உன்னை விட்டா ஆள் கிடையாது. என்ன எழுதியிருந்துச்சுன்னு கண்டுபிடி.”

அவள் தாள்களை மேசைமேல் பரப்பினாள். இரண்டு நிமிடத்தில் கை கட்டியதெல்லாம் அவிழ்ந்துவிட்டது. மூன்றாம் வரிசையில் குதிரைகள் வெள்ளையாகியிருந்தன.

“இந்த வெள்ளை யாரோடது? மத்த மூணு வரிசையிலயும் நிறமே இல்லையே?”

எலக்ட்ரீஷியன் ஒருவர் கையைத் தூக்கினார். “வெறும் குதிரைன்னா கண்ணுல நிக்கமாட்டேங்குது,” என்றார்.

முதல் வரிசையில் ‘துறவி சிரித்தார்’ என்பது மூன்றாவது ஆளிடம் ‘ஜெபித்தார்’ என்று மாறி, நாலாவது ஆளிடமும் அப்படியே இறங்கியிருந்தது. மாற்றியவர் பாடகர் குழுவின் மூத்த அம்மா.

“துறவி காரணம் இல்லாம சிரிப்பாரா? தப்பா அச்சடிச்சிருக்காங்கன்னு நினைச்சேன்,” என்றார் அவர்.

தங்கை நிமிர்ந்து அக்காவைப் பார்த்தாள். “பாத்தியாக்கா? நாவல்ல இதைத்தான் சொல்லியிருக்கு. பக்தி முத்திப்போய் மாத்துவாங்கன்னு.”

“ஆமா. மாத்தினாங்க. நிஜத்துலயும் அப்படி நடந்திருக்கு,” என்றார் அக்கா. “ஆனா நீ கண்டுபிடிச்சுட்டியே. எப்படி?”

“மத்தவங்க எல்லாரும் சிரிக்க விட்டிருக்காங்களே.”

“அவ்வளவுதான் விஷயம். பிரதி நிறைய இருந்தா வித்தியாசமும் நிறைய இருக்கும். அதே பிரதிதான் தப்பையும் காட்டிக் குடுக்கும். ஒரே ஒரு பிரதிதான் மிஞ்சியிருந்தா வித்தியாசமே இருக்காது. அப்பதான் நான் பயப்படுவேன்.”

இரண்டாம் வரிசையின் கடைசித் தாளில் மூன்றே மூன்று வரிதான் இருந்தது. முதல் ‘துறவி’யிலிருந்து கண் இரண்டாவது ‘துறவி’க்குத் தாவியதில் நடுவிலிருந்த சிரிப்பு, மழை, குதிரை எல்லாம் மாயமாகியிருந்தன. அதை எழுதியவர் போதகர். கூடமே சிரித்து ஓய வெகு நேரமானது. அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

கடைசியில் தங்கை ஆறு வரியையும் எழுதிக் கொடுத்தாள். நான் அச்சுத்தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். ஓர் எழுத்துதான் வித்தியாசம். அந்த ‘ப்’. இரண்டு வரிசையில் இருந்தது, இரண்டு வரிசையில் விட்டுப்போயிருந்தது. துறவியிடம் யானைத் தந்தம் ஏது என்று யோசித்து அவள் அதை எடுத்துவிட்டிருந்தாள்.

“இந்த மாதிரி இடத்துல என்ன செய்வீங்க?” என்று போதகரைப் பார்த்துக் கேட்டாள்.

போதகர் எழுந்து நின்றார். “ஒண்ணை மேல போட்டு, இன்னொண்ணை அடிக்குறிப்புல போடுவாங்க. அதை நான் உங்களுக்கெல்லாம் முன்னாடியே சொல்லியிருக்கணும்,” என்றார். பிறகு அந்தப் பன்னிரண்டு வசனங்களைப் பற்றி ஒளிவுமறைவு இல்லாமல் அரை மணி நேரம் பேசினார். யாரும் மயங்கி விழவில்லை. அக்காவின் கணவர் மட்டும் கொட்டாவி விட்டார்.

கலைந்து போகும்போது தங்கை அக்காவை வாசலில் நிறுத்தினாள்.

“சரி, காப்பி ஒழுங்கா வந்திருக்குன்னே வச்சுக்குவோம். முதல்ல எழுதினவங்க நிஜத்தைத்தான் எழுதினாங்கன்னு என்ன நிச்சயம்?”

“அது வேற கேள்வி. அதுக்குச் சிவப்புப் பேனாவை வச்சுப் பதில் சொல்ல முடியாது. நான் நம்புறேன். ஏன் நம்புறேன்னு கேட்டா என் வாழ்க்கையைத்தான் சொல்லணும். வீட்டுக்கு வா, சொல்றேன்.”

“நீ சொல்ற வாழ்க்கையில பாதி என் வாழ்க்கைதானே. தப்பு இருந்தா திருத்துவேன்.”

“வந்து திருத்து.”

நாவல் அடுத்த மாதம் வெளியானது. மொழிபெயர்ப்பாளர் நேரில் வந்து அக்காவுக்கு நன்றி சொன்னார். கதாநாயகனுக்கு எட்டாம் அத்தியாயத்தில் இடது கையில் பட்ட குண்டு பன்னிரண்டாம் அத்தியாயத்தில் வலது கைக்கு மாறியிருந்ததை மூலத்தின் பதிப்பாளர்களே கவனிக்கவில்லையாம். அக்கா எழுதிய கடிதத்தைப் பார்த்துத்தான் அடுத்த பதிப்பில் திருத்துகிறார்களாம். பைபிளுக்கு எதிரான புத்தகத்துக்கு இவ்வளவு உழைப்பா என்று சபையில் ஓரிருவர் முணுமுணுத்தார்கள். “எதிராளியோட புத்தகத்துலயும் குண்டு ஒரே கையிலதான் இருக்கணும்,” என்றார் அக்கா.

போதகர் மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை கேள்வி நேரம் வைக்கிறார். பாடகர் குழுவின் மூத்த அம்மாதான் அதிகம் கேட்கிறார். சில கேள்விகளுக்குப் போதகர் ‘தெரியலம்மா, பாத்துட்டு வந்து சொல்றேன்’ என்கிறார். பெரும்பாலும் பார்த்துவிட்டு வந்தும் சொல்கிறார்.

தங்கை திரும்ப வந்துவிட்டாள் என்று சொல்ல முடியாது; போய்விட்டாள் என்றும் சொல்ல முடியாது. ஒரு ஞாயிறு வருகிறாள், ஒரு ஞாயிறு தூங்குகிறாள். ஆனால் வெள்ளிக்கிழமை தோறும் வேலை முடிந்து நேராக அக்கா வீட்டுக்குப் போகிறாள். மாற்குவை ஒரே மூச்சில் படித்துவிட்டு வந்து, “இவரு நாவல்காரரை விட வேகமா கதை சொல்றாருக்கா, ஒரு வார்த்தை வீணா இல்ல,” என்றாளாம். இப்போது லூக்காவில் இருக்கிறார்கள். ஓர் அத்தியாயம் முடிய மூன்று வாரம் ஆகிறது. முன்னால் ஒருத்தி போனால் மற்றவள் பின்னால் இழுக்கிறாள். அக்காவின் கணவர் வெள்ளிக்கிழமைகளில் பஞ்சை எடுத்துக் காதில் வைத்துக்கொள்வதாகச் சொல்கிறார். போன வாரம் அவர் வீட்டுப் பக்கம் போனபோது நானே பார்த்தேன்: பஞ்சு எதுவும் இல்லை. கதவோரமாக நாற்காலியைப் போட்டுக்கொண்டு, இரண்டு பேரும் போடும் சண்டையை வாயைப் பிளந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.